முதலாளி காரில் ஒரு சத்தம்

சிரிக்கிற கதைதான். சிரிப்பு கடைசியில் வரும். முதலில் வண்டி கிளம்பட்டும்.

பித்தளை விளக்கும் தோல் மெத்தையுமாக, ஊருக்கே முதலில் வந்திறங்கிய கார். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உறுமும். டிரைவர் இடது கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

வலது மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. ஒருநாள் முதலாளி ஆசைப்பட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கைப்பிடியைச் சுற்றும் முன் கீழே இறக்கவேண்டிய நெம்புகோலை இறக்காமல், "ம், சுத்து!" என்றார். கைப்பிடி எதிர்த்தடித்து எலும்பை முறித்துவிட்டது.

பின்சீட்டில் மச்சினன், முதலாளி மனைவியின் தம்பி. எவர் குரலும் அவன் தொண்டையில் குடியிருக்கும். ஆஸ்பத்திரியில் முதலாளி சொன்னதை அப்படியே எடுத்துவிட்டான்:

"நான் உசுரோட இருக்கிறவரைக்கும் நீதான்யா என் டிரைவர்!"

அக்கா சிரித்தாள். டிரைவரும் சிரித்தார்.

கார் நகர்ந்தது. டொக்... டொக்... டொக்...

"என்னய்யா சத்தம்?" என்றார் முதலாளி.

"காலைல இல்லீங்களே..."

மச்சினன் வெளியே வேடிக்கை பார்த்தான். நாக்கு மட்டும் மேலண்ணத்தில் வேலை பார்த்தது. வேகமெடுத்தால் டொக்டொக்டொக். மேட்டில் ஏறினால் டொக்... டொக்...

மெக்கானிக் பேரிங்கை மாற்றினார், வால்வைத் தேய்த்தார். தனியாக ஓட்டினால் சத்தமே இல்லை. குடும்பம் ஏறினால் டொக்.

"ஐயா, இன்ஜின்ல கோளாறு இல்லீங்க. சத்தம் பின்னாலேர்ந்து..."

"இன்ஜின்ல இல்லேன்னா ஓட்டுறவன்கிட்ட. அதைச் சொல்லுய்யா!" வெட்டினார் முதலாளி. பார்த்தவரிடமெல்லாம் அதையே சொல்லவும் செய்தார்.

மச்சினனுக்கு உள்ளுக்குள் குதூகலம். ஞாயிற்றுக்கிழமை விருந்தில், எல்லார் முன்னாலும் டொக் போட்டுக் காட்டி, அத்தான் அசடு வழியற முகத்தைப் பார்க்கவேண்டும்!

விருந்துக்கு முன்பே டிரைவர் தானாகவே தொப்பியையும் கோட்டையும் கழற்றி வைத்துவிட்டார்.

"வண்டிக்கு என்ன வியாதின்னு கடைசிவரைக்கும் தெரியலையே தம்பி," என்றார். "இத்தனை வருஷம் ஓட்டி என்ன பிரயோஜனம்?"

மச்சினன் வாசலுக்கு ஓடினான். புது டிரைவர், இரண்டு கையும் திடமானவன், கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அத்தான், அவரைக் கூப்பிடுங்க. அந்தச் சத்தம்..."

"ஏறு, போய்ட்டே பேசலாம்."

கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

"அத்தான், அது வண்டிச் சத்தமே இல்லை. நான்தான்..."

முதலாளி திரும்பவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினார்.

டொக்... டொக்... டொக்...

"சரியா வருதா மாப்பிள்ளே?"

சிரிப்பு வந்தது. முதலாளிக்கு. வயிறு குலுங்கியது.

"முதல் நாளே தெரியும்டா. ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னாடி வாக்குக் குடுத்துத் தொலைச்சிட்டேன். நானா எப்படிப் போகச் சொல்றது?"

மச்சினன் வாயைத் திறந்தான். எந்தக் குரலும் வரவில்லை.

"அதேதான்," என்றார் முதலாளி. "வேலை முடிஞ்சுது. இனிமே சத்தம் வேண்டாம்."