முப்பது நாள் டிஸ்க்

தோஹாவிலிருந்து லீவில் வந்த நிசார், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, கேமரா மாட்டும் பிஜுவைத் திரூர் வீட்டுக்கு வரவழைத்துவிட்டான்.

"கேட்டுக்கு ஒண்ணு, பின்வாசலுக்கு ஒண்ணு. சரிதானே இக்கா?"

"வாசலெல்லாம் வேண்டாம். அடுக்களையில ஒண்ணு, சாப்பிடுற இடத்துல ஒண்ணு. பேச்சும் பதிவாகணும்."

அடுக்களையில் அரிசிமாவுப் பத்திரி சுட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி ஷமீனாவின் கை அப்படியே நின்றது.

பிஜு கணக்குப் போட்டான். "சாதாரண டிஸ்க்ல பதினஞ்சு நாள் நிக்கும். அப்புறம் பழசை அழிச்சிட்டுப் புதுசு பதிவாகும்."

"ஒரு நாள்கூட அழியக் கூடாது."

"நீங்க போய்ட்டுத் திரும்பி வர பதினோரு மாசமாகுமே! அவ்வளவுக்கும் டிஸ்க் வாங்கினா உங்க கல்ஃப் சம்பளம் பத்தாது."

ஷமீனா கரண்டியோடு வந்து நின்றாள். "என் நெத்தியிலயும் ஒண்ணு மாட்டிடுங்க பிஜு. உங்க இக்காவுக்குப் பொண்டாட்டி மேல அவ்வளவு நம்பிக்கை!"

நிசார் பதறிப்போனான். "பதினோரு மாசம்னு யாரு சொன்னா? என் லீவு முப்பது நாளுக்குக் கணக்குப் போடு பிஜு. நான் விமானம் ஏறினதும் கேமராவைக் கழட்டிக்கோ. டிஸ்க்கை நான் அங்க எடுத்துட்டுப் போறேன்."

"கல்ஃபுக்குப் போனப்புறம் வீட்டுல நடக்கிறதைப் பார்க்கத்தானே எல்லாரும் மாட்டுவாங்க?"

"அதைத்தான் தினமும் போன்ல பார்க்கிறேனே. அதுல நான் இல்லையேடா."

அடுக்களையில் பத்திரி கருகிற்று.

"நாளைக்கு மாட்டுங்க பிஜு," என்றாள் ஷமீனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்கு இவரைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கு."