டெஸ்ட் மெசேஜ்

கட்டுப் போட்ட வலது கையை மேஜைமேல் கிடத்திவிட்டு, இடது கையால் பத்தாவது தடவையாகப் போனை எடுத்துப் பார்த்தாள் அவள். வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலை இப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். போனிலேயே பேசிப் பிடித்த முதல் வாடிக்கையாளர், ஒரு பெண் வக்கீல். அவருடைய சைட் காலையில்தான் வெளியாகியிருந்தது.

"ஏன் இப்படி இருப்புக்கொள்ளாம தவிக்கிற?" என்றான் கணவன்.

"சைட் வழியா மெசேஜ் போய்ச் சேருதான்னு ஒண்ணு அனுப்பிப் பாத்தேன். வக்கீலம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல."

"மாடிப்படியில விழுந்து கைய உடைச்சுக்கிட்டு, உனக்கு இதெல்லாம் தேவையா?" செல்லமாகக் கடிந்துகொண்டே அவன் குளிக்கப் போனான்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"பேர் போடாம ஒரு மெசேஜ் வந்திருக்கும்மா," வக்கீல் சிரித்தார். "'மாடிப்படியில விழுந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், ஆனா நான் விழல'ன்னு. நீங்க டெஸ்டுக்கு அனுப்பினதுதானே? நெஜம் மாதிரியே எழுதியிருக்கீங்க! அழிச்சிடட்டுமா?"

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள்.

"அழிச்சிடாதீங்க மேடம். நான் எப்ப வந்து உங்களப் பாக்கட்டும்?"