எட்டு வயலின்

மாதுரி உட்கார்ந்தது ஏழாவது நாற்காலியிலா, எட்டாவதிலா என்று அவள் அப்பா பிச்சுமணிக்கு இப்போது சரியாக நினைவில்லை. கொச்சி மட்டாஞ்சேரி ஸ்டூடியோவில், எட்டு வயலினோடு சினிமாவுக்குப் பின்னணி இசைப் பதிவு.

"இன்னிக்குச் சொதப்பினா வயலினை வெச்சுட்டு ஏலூர் உரக் கம்பெனி வேலைக்குப் போகணும்" என்று அவர் சொல்லியிருந்தார். "சரிப்பா" என்று அவள் சிரித்தாள்.

அவர் நின்ற ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாசிப்பின் நடுவே மாதுரியின் தந்தி அறுந்தது. பிச்சுமணி கண்ணாடியை ஒட்டிப் போய் நின்றார். யாரும் நிறுத்தவில்லை, ஸ்பீக்கரில் இசையும் குறையவில்லை.

"தந்தி அறுந்துடுத்தே, கேக்கலையா?"

"மைக்கே ஆன் இல்ல சாமி" என்றான் ஒலிப்பதிவாளர் ஷாஹிர். "இது விளம்பர வீடியோவுக்கு. மியூசிக் போன வாரமே ரெக்கார்டு பண்ணியாச்சு. எட்டு வயலினும் ஒரே ஆளு, தனித்தனியா வாசிச்சது."

"யாரு?"

"வீட்டுல சொல்லலையா? உங்க மோளு மாதுரிதான்."

படம் ஓடவில்லை. ஷாஹிர் துபாய்க்குப் போய்விட்டான். ஏலூர் வேலை வேறு யாருக்கோ கிடைத்தது. மாதுரி வாசித்துக்கொண்டிருக்கிறாள்.