மச்சான் ஏத்தின பட்டம்

"பட்டம் விடுறதுக்காங்க எங்க அண்ணனையும் தம்பியையும் ஒரே வேன்ல ஏத்தினீங்க?"

நிரஞ்சலா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். புருஷன் நிமலன் காதிலேயே வாங்கவில்லை. பட்டத்தைத் தூக்கிக்கொண்டு பொத்துவில் கடற்கரை மணலில் இறங்கி நடந்துவிட்டான்.

அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. மகள் சிவானுஜாவுக்கு நாலு வயசாகிவிட்டது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். மாமன்மார் இரண்டு பேர் இருந்தும் என்ன பிரயோசனம்?

"அவன் வந்தா நான் வரமாட்டேன்" என்கிறார் அண்ணன் சின்னராசா.

"அவரு வந்தா நான் வரமாட்டேன்" என்கிறான் தம்பி பிரதீஷ்.

அப்பா கண்ணை மூடியதும், தோட்டத்து லயத்தில் அவர் இருந்த ஒற்றைக் காம்பரா வீடு யாருக்கு என்று வந்த சண்டை. அண்ணன் பூனாகலைத் தோட்டத்தில், தம்பி பண்டாரவளையில் போன் கடையில். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேச்சே கிடையாது.

"நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்று புருஷனிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள்! எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனுஷன் சொன்ன பதில், "இந்த லீவுக்கும் பொத்துவில் போய்ப் பட்டம் விடுவோம்."

வருஷா வருஷம் குடும்பத்தோடு போவதுதான். அவர்கள் குடியிருக்கும் ஹல்துமுல்லை மலையில் காற்றுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் தோட்டத்தில் விட்டால் பட்டம் கரண்டு கம்பியில் மாட்டும், இல்லாவிட்டால் தேயிலைக்குள் விழும். எடுக்கப் போய்ச் செடியை மிதித்தால் கங்காணியிடம் யார் ஏச்சு வாங்குவது?

இந்தத் தடவை நிமலன், மச்சான்மாரில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரையும் கூப்பிட்டுவிட்டான். வேனில் ஆளுக்கொரு மூலை.

"நிரஞ்சலா, கண்ணாடிய மூடச் சொல்லு."

"அக்கா, மூடினா மூச்சு முட்டுதுன்னு சொல்லு."

வெல்லவாய மலை இறக்கம் முழுக்க அவள்தான் தபால்காரி. நிமலனோ பாட்டைப் போட்டுவிட்டுத் தாளம் தட்டிக்கொண்டு வந்தான். இப்படியும் ஒரு ஜென்மம்!

கடல் ஒரு பாவமும் அறியாமல் நீலமாய்க் கிடந்தது. வெயில் தணிந்து, தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நேரம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கலாம் போலிருந்தது.

நிமலன் பட்டத்தை ஏற்றினான். அது விருட்டென்று எழும்பி, கிறுகிறுவென்று சுற்றி, தலைகுப்புற மணலில் குத்தியது. மறுபடி ஏற்றினான். மறுபடியும் குத்தியது.

"மச்சான், திரும்பி நின்னு ஏத்துங்க!" போனிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினான் பிரதீஷ்.

திரும்பி நின்றான். அப்போதும் விழுந்தது.

"நூலை விடுங்க மச்சான், இழுக்காதீங்க!" அந்தப் பக்கம் ஒரு தோணியில் சாய்ந்திருந்த சின்னராசா கத்தினார்.

நூலை விட்டான். இன்னும் மோசமாக விழுந்தது.

நிரஞ்சலாவுக்கு அவமானமாய்ப் போயிற்று. இன்றைக்கென்று பார்த்தா இப்படி மானத்தை வாங்க வேண்டும்?

பொறுக்க மாட்டாமல் சின்னராசா எழுந்து வந்தார். பட்டத்தைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தவர், தன்னை மறந்து சத்தம் போட்டார்.

"டேய் பிரதீஷ்! இங்க ஓடி வாடா! இதுல வாலே இல்லடா!"

போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியே வந்தான் பிரதீஷ்.

"வால் இல்லாம எப்படிண்ணே நிக்கும்? மச்சானுக்கு மூளை இருக்கா?"

"இருந்தாத்தானே! அந்தப் பக்கம் புடி. எதையாவது கட்டுவோம்."

"ஒங்க துண்டக் கிழிங்கண்ணே."

"புதுத் துண்டுடா!"

"கிழிங்கண்ணே, நான் வாங்கித் தாரேன்."

துண்டு கிழிந்தது. ஒருவர் பிடிக்க ஒருவர் முடிச்சுப் போட்டார்கள். நிமலன் தலையைச் சொறிந்துகொண்டு ஒதுங்கி நின்றான்.

பட்டம் எழும்பியது. ஆடவில்லை, அலையவில்லை. கடற்காற்று அதைக் கரைப் பக்கமாய், அவர்கள் மலை இருக்கிற திசைக்கே மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனது. நூல் பிரதீஷின் கையில். பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த சின்னராசாவின் மடியில் சிவானுஜா, பாதித் தூக்கத்தில்.

"மாமா, பட்டம் தூங்குது."

"ஆமாடா தங்கம், தூங்கட்டும்."

யாருக்கும் எழுந்து போக மனசு வரவில்லை.

"ஆவணியில புள்ளைக்குக் காது குத்திருவோமாடா?" என்றார் சின்னராசா, பட்டத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஒங்க மடியிலயே வச்சுக் குத்துங்கண்ணே. அழுதா நான் கையப் புடிச்சுக்கிறேன்."

நிரஞ்சலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், புருஷன் தள்ளி உட்கார்ந்து நிம்மதியாய்க் கச்சான் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். ஆத்திரம் மறுபடி பொங்கியது. நேரே அவனிடம் போனாள்.

"ஏதோ சாமி புண்ணியத்துல ரெண்டு பேரும் பேசிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசினீங்களா? வருஷா வருஷம் பட்டம் விடுற மனுஷனுக்கு வால் கட்டக் கூடவா மறந்து போகும்?"

"மெதுவாப் பேசு புள்ள, அவங்களுக்குக் கேட்டுறப் போகுது."

நிமலன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு முனையை மட்டும் இழுத்துக் காட்டி, அவசரமாய் மறுபடி உள்ளே திணித்துக்கொண்டான். அவளுடைய பழைய சிவப்புச் சேலையில் கிழித்து, நீளமாய் முடிச்சுப் போட்டு, பதமாய் மடித்து வைத்திருந்த பட்டத்து வால்.