லாட்ஜுக்குப் போன அப்பா

ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது, எங்கள் பெஞ்சில் மட்டும் இரண்டு பேர் எழுந்திருக்க மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும்.

அப்பா ஏன் போகவில்லை என்பது கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். அம்மா ஏன் போகவில்லை என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

அப்பா ஃப்ரீமேசன் என்கிற ரகசியச் சகோதர சங்கத்தில் உறுப்பினர். மாதம் ஒரு சாயங்காலம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, சின்னத் தோல்பையோடு லாட்ஜுக்குப் போவார். லாட்ஜ் என்றால் அவர்கள் கூடுகிற மன்றம். அது தெரியாத எதிர்வீட்டு அம்மா ஒருநாள், "உங்க வீட்டுக்காரர் லாட்ஜுக்குப் போறாராமே, ஒரு வார்த்தை கண்டிக்கக் கூடாதா?" என்று குசுகுசுத்தார்.

"நீங்க நினைக்கிற லாட்ஜா இருந்தா, ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியாவது கரையேத்திடலாம். இது அதுக்கும் அடங்காத லாட்ஜ்" என்றாளாம் அம்மா.

அந்தப் பையில், லாட்ஜ் சடங்குக்குக் கட்டிக்கொள்கிற ஒரு வெள்ளை ஏப்ரன் இருக்கும். சமையலறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷனுக்கு ஏப்ரன் ஒரு கேடா என்று அம்மா கேட்பாள். கேட்டுக்கொண்டே கோட்டுக்கு இஸ்திரி போடுவாள்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நான் பிறந்த வருடம் கடை தீப்பிடித்து, கண்ணாடி தேய்க்கிற மெஷின்கூட மிஞ்சவில்லை. சொந்தக்காரர்கள் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அப்பாவிடம் கண்ணாடி வாங்கியிருந்த ஒரு டாக்டரும் வாத்தியாரும் இன்னும் சிலரும்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கரியை அள்ளிக் கொட்டினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஆளுக்கொரு மதம். ஆனால் எல்லாரும் அந்த லாட்ஜ். கடையை மறுபடி திறந்த பிறகு அப்பாவும் அதில் சேர்ந்தார்.

விஷயம் தெரிந்ததும் எங்கள் பங்குக் கோயில் ஃபாதர் வீட்டுக்கே வந்தார். கத்தோலிக்கர் அதில் சேரக் கூடாது என்பது திருச்சபையின் கட்டளை, உறுப்பினராக இருக்கும்வரை நற்கருணை வாங்க முடியாது என்றார். சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரை அங்கே சேர்ப்பதே இல்லை, திருச்சபைக்கு எதிராக யாரும் ஒரு வார்த்தை பேசித் தான் கேட்டதில்லை என்று அப்பா வாதாடினார். எந்தக் கடவுளானாலும் சரி என்று ஆகிவிட்டால் கிறிஸ்து எதற்கு, வெளியே சொல்ல முடியாத சத்தியம் எதற்கு என்று ஃபாதர் கேட்டார். காபி ஆறியது. இரண்டு பேரும் இறங்கி வரவில்லை.

அவர் போன பிறகு அம்மா ஆரம்பித்தாள்.

"ஃபாதர் சொல்றதுதான் சரி. விட்டுடுங்க."

"கரி அள்ளினவங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

"அவங்களை விடச் சொல்லலை. லாட்ஜை விடச் சொல்றேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இதையேதான் பல வருடம் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில், துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது. அந்தச் சத்தம் இல்லாத எங்கள் வீட்டை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பூசைக்கு அப்பா தவறவே மாட்டார். நற்கருணை நேரத்தில் நானும் அத்தையும் அவர் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போவோம். திரும்பி வரும்போது, காலியான பெஞ்சில் அவர்கள் மட்டும் தோளோடு தோள் உரசப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அத்தை, அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. "என் தம்பிக்காவது ஒரு காரணம் இருக்கு. வாய் கிழியச் சட்டம் பேசுறவளுக்கு என்ன வந்தது? என்ன பாவத்தை மூடி மறைக்கிறாளோ" என்று தெருவுக்குக் கேட்கும்படி முணுமுணுப்பாள்.

பேச்சு கோயிலிலும் பரவியது. கோயில் பெண்களின் மாதா சபையில் அம்மா வகித்த செயலாளர் பொறுப்பை நாசூக்காக வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். "நீயாவது போயேன்" என்று அப்பா ஒருநாள் கெஞ்சிப் பார்த்தார். "உங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

கரி அள்ளியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாக வாத்தியாரும் போனார். அவருடைய அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அப்பா, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் விட்டா வருத்தப்பட இனி அங்கே யாரும் இல்லை. விலகிடறேன்" என்றார்.

நான் ஜெயித்தேன் என்கிற மாதிரி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாத்தியாருக்காகவும் அழுதிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடியைச் சரிபார்த்துக்கொள்ளும் சாக்கில் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களில் அவரும் ஒருவர்.

சொன்னபடி அப்பா விலகினார். பாவசங்கீர்த்தனம் செய்தார். அந்த ஞாயிறு, நற்கருணை நேரத்தில் எழுந்தார். கூடவே அம்மாவும் எழுந்தாள். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

கோயில் வாசலில் ஃபாதரைப் பார்த்ததும் அத்தைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என் தம்பி திருந்தினான், சரி. இவளுக்கு இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் பக்தி வந்ததாக்கும்?"

எங்கள் பங்குக் கோயிலிலேயே நரைத்துப்போன ஃபாதர், முன்னால் நடந்துகொண்டிருந்த அப்பாவையும் அம்மாவையும் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. இனிமே சொல்லலாம். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கல்லாம் தூங்கி எழுந்திருக்கிறதுக்குள்ள கன்னியர் மடத்துப் பூசைக்கு வந்து நற்கருணை வாங்கிட்டுப் போயிடுவாங்கம்மா. மறுபடி பெரிய பூசைக்கு வந்து எழுந்திருக்காம இருந்தது, அவர் பெஞ்சுல தனியா உட்கார்ந்திருக்கக் கூடாதுன்னுதான்."