பவுளினின் வலக்கை

ஒத்தப்பனைத் திட்டில் கடல்நீரின் தரத்தைக் கொடி அறிவித்த காலம் முடிந்துவிட்டது. இப்போது அதை அறிவிப்பது பவுளினின் வலக்கை. காலையில் அவள் அதை முழங்கை வரை கடலில் அமிழ்த்துவாள். தோலுக்குள் பதித்திருக்கும் பட்டை பச்சையானால் பயணிகள் அலைச்சறுக்கு ஆடலாம், மூச்சுக்குழாய் அணிந்து பவளப்பாறைகளைக் காணலாம். சிவந்தால் படகுகள் திரும்பிவிட வேண்டும்.

இறால் பண்ணைக் கழிவு கலந்ததால் இரண்டு நாள்களாகப் பட்டை சிவந்தது. மூன்றாம் நாளும் சிவந்தால் 'கை பழுது' என்று எழுதி அவளை வேலையிலிருந்து நீக்குவது, திட்டில் சுற்றுலா நடத்தும் முகாமின் விதி.

மூன்றாம் நாள் காலை முகாம் மேலாளர் கிளாட்வின் ஒரு களிம்பை நீட்டினார். "இதத் தேச்சுட்டு எறங்குங்கக்கா. மத்தியானம் வரைக்கும் பச்சதான்."

"நேத்து உங்க மக கடல்ல குளிக்கணும்னு அழுதப்ப, வேணாம்னு தூக்கிட்டுப் போனீங்களே சார்?"

"அது வேறக்கா."

"எது வேற? தோலா?"

படகிலிருந்து நாற்பது பேர் இறங்கிக்கொண்டிருந்தனர். பவுளின் களிம்பை அவருடைய சட்டைப்பையிலேயே செருகினாள். முன்பு கடலில் பாசி எடுத்துப் பிழைத்த நாள்களில் செய்ததைப் போலவே ஈரமணலால் கையைத் தேய்த்துக் கழுவி, கடலில் அமிழ்த்தினாள். பின்பு சறுக்குப்பலகை மேடையில் ஏறி நின்று, செக்கச்செவேலென்று ஒளிர்ந்த கையை அனைவரும் காண உயர்த்திப் பிடித்தாள். நீரில் கால் வைத்தவர்கள் பின்வாங்கினர்.

"நாளைக்கு வேற கை வரும்க்கா," என்றார் கிளாட்வின், பல்லைக் கடித்தபடி.

பவுளின் கையை இறக்கவில்லை.

"வரட்டும் சார். அதுவும் செவக்கும்."