வலப்பக்கப் பின்சக்கரம்

புருஷனைக் காவு வாங்கிய பிக்கப்பை லோடு ஆட்டோவில் கட்டி இழுத்து வந்து, அந்தச் சாவுக்குக் காரணம் என்று ஊரே கைகாட்டும் ஆளின் மெக்கானிக் ஷெட் வாசலில் நிறுத்தினாள் மலர்.

பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த செங்குட்டுவன் எழுந்து நின்றார். இந்த வாசலில் கடைசியாக ஒரு வண்டி நின்று நாலு மாதம் ஆகிறது. அதுவும் மணலிக்கு வழி கேட்பதற்காக நின்றது.

"பின்னாடி பிரேக்கு மாத்தணும்," என்றாள் மலர்.

"எங்கிட்டயாம்மா?"

"உங்கிட்டதான். வண்டிய விக்கப் போறேன். வாங்கறவன் உசுரோட ஓட்டணும் இல்ல?"

அவர் ஜாக்கியைத் தேடினார். எதிர் டீக்கடை பெஞ்சில் இருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள்.

மலரின் புருஷன் எத்திராஜ் அந்தப் பிக்கப்பில் காசிமேட்டுக்கு ஐஸ் லோடு அடித்தவன். அவன் அப்பா காலத்து வண்டி. லோடை இறக்கிவிட்டு சாயங்காலம் இதே டயர் மேல் உட்கார்ந்து செங்குட்டுவனோடு டீ குடிப்பான். கல்யாணமே செய்துகொள்ளாத செங்குட்டுவனுக்கு நாள் முழுக்க அந்த ஒரு மணி நேரம்தான் பேச்சு.

போன வருஷம் அந்த வண்டிக்குப் பின்பக்க பிரேக்கை மாற்றியது அவர்தான். பதினைந்தாம் நாள் எண்ணூர் போகிற சாலையில் பிரேக் பிடிக்காமல் வண்டி மின்கம்பத்தில் மோதியது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எத்திராஜ் போய்விட்டான். மாலையோடு போன செங்குட்டுவனைத் தெருமுனையிலேயே சொந்தக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. டீக்கடைக்காரர்கூட கிளாஸை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் திரும்பிக்கொள்வார். செங்குட்டுவன் அந்த வேலையை ஒரு வருஷமாக மனசுக்குள்ளேயே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கைச் சரியாகக் கோத்தேனா? எதையாவது முறுக்காமல் விட்டேனா?

வலப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றினார். துருவேறிய டிரம் சுலபத்தில் மசியவில்லை. சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டி அசைத்ததில், கடைசியில் கையோடு வந்தது.

மலர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். டிரம்முக்குள் அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே, டிரம்மை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூவைப் பார்த்ததும் செங்குட்டுவனின் கை நின்றுவிட்டது. லைனிங் முழுக்கத் தேய்ந்து ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன. ஓரத்தில் ரம்பத்தால் கீறிய ஒரு கோடு.

அந்தக் கோடு அவர் போட்டது. இனி உதவாது என்று கழிக்கிற சாமானில் அப்படிக் கீறிவிடுவது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் கழற்றிப் போட்ட பழைய ஷூ இது. "எடைக்குப் போட்டுக்கறேன் மாமு" என்று எத்திராஜ்தான் வீட்டுக்கு எடுத்துப் போனான்.

ஒரு மாதம் அலைந்து வாங்கி மாட்டிய புது ஷூ எங்கே?

"இந்த ஒரிஜினல் செட்டு கெடைக்காம பழைய வண்டி வச்சிக்கிறவன்லாம் பேஜாராவறான் மாமு. ஒர்த்தன் நல்ல வெலைக்குக் கேட்டுக்கினே கீறான்." விபத்துக்கு நாலு நாள் முன்னால் எத்திராஜ் சிரித்துக்கொண்டே சொன்னது இப்போது காதில் விழுந்தது. பிரேக்கைக் கழற்றி மாட்ட அவனுக்கும் தெரியும். புதுசை விற்றுவிட்டு, வேறு கிடைக்கிறவரை ஓடட்டும் என்று பழசையே திருப்பி மாட்டியிருக்கிறான்.

செங்குட்டுவன் எதிர் டீக்கடையைத் திரும்பிப் பார்த்தார். நான் கொல்லவில்லை. இதைக் கையில் எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போதும். ஒரு நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்.

மலரைப் பார்த்தார். ஆளே இல்லை, அவனைப் பற்றிய நினைப்பாவது அவளுக்குக் கெடாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. ஷூவைக் கழற்றி, கோடு தெரியாதபடி, சாமான் கழுவுகிற டீசல் தட்டில் கவிழ்த்துப் போட்டார்.

"உள்ள இன்னா கீதுண்ணா?" என்றாள் மலர்.

"என் தப்புதாம்மா," என்றார் அவர். "ஸ்பிரிங்கைச் சரியா மாட்டாம உட்டுக்கிறேன். என் கைதாம்மா அவனைக் கொன்னுச்சு."

"கேட்டியா, அவனே ஒத்துக்கினான்!" என்றது டீக்கடையிலிருந்து ஒரு குரல்.

மலரின் கண்கள் நிறைந்து வழிந்தன. சட்டென்று தட்டுக்குள் கைவிட்டு, டீசல் சொட்டச் சொட்ட அந்த ஷூவை எடுத்தாள். அவர் தடுப்பதற்குள் சாலையைக் கடந்துபோய் டீக்கடை பெஞ்சில் அதை ஓங்கி வைத்தாள்.

"பழசைத் திருப்பி மாட்டுனது எம் புருசன். ஆஸ்பத்திரில எங்கிட்ட சொல்ட்டுதான் செத்தாரு. அவரு பேரு கெடக்கூடாதுன்னு ஒரு வருசமா மறைச்சது நான்!"